மாத்தியாச்சு, ஆனா இன்னும் பழசே காட்டுதா? பதறாதீங்க!

அலுவலக லாகினுக்கு புது பாஸ்வேர்டு வச்சாச்சு. தலைமை அலுவலகத்தில் உடனே வேலை செய்கிறது. ஆனால் கிளை அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தால் 'பாஸ்வேர்டு தவறு' என்கிறது கணினி. கல்லூரியில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். லேப்பில் நுழைகிறது, நூலகத்தில் நுழைய மறுக்கிறது. மொபைல் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டீர்கள். அம்மாவின் அழைப்பு வருகிறது, ஓடிபி வருவதில்லை.

இந்த மூன்று இடத்திலும் நாம் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பதறிப்போய் மறுபடியும் பாஸ்வேர்டை மாத்துவோம். இன்னொரு தடவை விண்ணப்பிப்போம். பட்டனை நாலு முறை அழுத்துவோம். சிக்கல் பெரிதாவது பல நேரங்களில் அப்போதுதான்.

நீங்கள் செய்த மாற்றம் தொலைந்து போகவில்லை. அது பயணத்தில் இருக்கிறது. ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்குப் போய்ச் சேர அதற்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படுகிறது. எவ்வளவு நேரம், அதுவரை நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, எப்போது புகார் கொடுக்க வேண்டும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூணு கேட், மூணு நோட்டு

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று கேட். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு காவலாளி, அவர் கையில் ஒரு நோட்டு. யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். மூன்று நோட்டிலும் ஒரே பட்டியல்தான்.

புதிதாகக் குடிவந்தவரின் பெயரைச் செயலாளர் முதல் கேட் நோட்டில் எழுதுகிறார். அந்தத் தகவல் இரண்டாவது, மூன்றாவது கேட்டுக்குப் போய்ச் சேரும் வரை அங்கே இருக்கும் காவலாளிகளுக்கு அவர் யாரென்று தெரியாது. அவர்கள் தடுத்தால் அது அவர்களுடைய தப்பு இல்லை. அவர்களிடம் இருப்பது நேற்றைய நோட்டு, அவ்வளவுதான்.

கணினி உலகில் இந்த நோட்டுக்குப் பெயர் டைரக்டரி. யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய லாகின் பெயர் என்ன, எதை எல்லாம் திறக்க அனுமதி உண்டு என்ற விவரங்கள் இருக்கும் பதிவேடு அது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் கணினிதான் டைரக்டரி சர்வர். ஒரு சர்வரில் நடந்த மாற்றத்தை மற்ற சர்வர்களுக்கு நகலெடுத்து அனுப்பும் வேலையை 'ரெப்ளிகேஷன்' என்பார்கள். அதில் ஆகும் நேரத்தைத்தான் இந்தக் கட்டுரையில் 'நகல் தாமதம்' என்று சொல்லப் போகிறோம்.

எதுக்கு இத்தனை நகல்? ஒண்ணே ஒண்ணு போதாதா?

நியாயமான கேள்வி. இணையம் ஆரம்பித்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1983-க்கு முன்பு அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்ப் பட்டியல் ஒரே கோப்பாக, கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டது. புதுக் கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பைத் திருத்துவார்கள். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள்.

கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் வரிசையில் நின்றார்கள். கோப்பை இறக்கி முடிப்பதற்குள் அது பழசாகிவிட்டது. இதற்குத் தீர்வாக 1983-ல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். பட்டியலைப் பல துண்டுகளாகப் பிரித்து, பல சர்வர்களில் நகலாக வைக்கும் முறை இது. இன்றைக்கு நீங்கள் போனில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இந்த முறைதான் பின்னால் வேலை செய்கிறது.

நகல்கள் இருப்பதில் இரண்டு லாபம். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று கை கொடுக்கும். அருகிலேயே ஒரு நகல் இருப்பதால் பதிலும் சீக்கிரம் கிடைக்கும். மழையில் கேபிள் அறுந்து தலைமை அலுவலகத் தொடர்பு போனாலும், கிளை அலுவலகத்தில் ஒரு சர்வர் இருந்தால் அங்கே லாகின் செய்யலாம். இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் கொஞ்ச நேரத் தாமதம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

அலுவலகங்களில் அதிகம் பயன்படும் டைரக்டரி முறைகளில் ஒன்றான மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி'யை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 2000-உடன் வந்தது இது. இதில் எந்த சர்வரிலும் மாற்றம் செய்யலாம். அது மற்ற சர்வர்களுக்குப் பரவும்.

ஒரே வளாகத்துக்குள் இருக்கும் சர்வர்கள் என்றால் வேகம் அதிகம். மாற்றம் நடந்ததும் 15 வினாடியில் பக்கத்து சர்வருக்குத் 'புதுசு ஒண்ணு இருக்கு, வாங்கிக்கோ' என்று தகவல் போகும். அதிகபட்சம் மூன்று தாவலில் எல்லா சர்வருக்கும் சேர்ந்துவிடும் மாதிரி இணைப்பு அமைந்திருக்கும். எனவே பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். விண்டோஸ் 2000 காலத்தில் இந்த 15 வினாடி என்பது 5 நிமிடமாக இருந்தது.

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் அலுவலகங்கள் என்றால் கதை வேறு. அவற்றுக்கு இடையே இருக்கும் இணைப்பு மெதுவானதாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஓடாமல், பேருந்து மாதிரி குறிப்பிட்ட இடைவெளியில் மொத்தமாக எடுத்துப் போகும். யாரும் அமைப்பை மாற்றாவிட்டால் அந்த இடைவெளி 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம். அதிகாரிகள் இதை 15 நிமிடம் வரை குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்துக்குச் சென்னையில் தலைமை அலுவலகம், மதுரையில் மண்டல அலுவலகம், தென்காசியில் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்து மதுரை, மதுரையில் இருந்து தென்காசி என்று இரண்டு கட்டமாக நகல் போகிறது. பழைய அமைப்பிலேயே விட்டிருந்தால், காலை 10 மணிக்குச் சென்னையில் சேர்த்த பெயர் தென்காசிக்குப் போய்ச் சேர மாலை 4 மணி கூட ஆகலாம். அங்கே ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முழு நாளும் லாகின் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். யாரும் சோம்பேறித்தனமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி

பாஸ்வேர்டு மாற்றத்துக்கும் இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். வடிவமைத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள்.

நீங்கள் எந்த ஊரில் பாஸ்வேர்டை மாற்றினாலும், அது உடனே ஒரு முதன்மை சர்வருக்குத் தெரிவிக்கப்படும். பிறகு இன்னொரு ஊரில் புது பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள். அங்கிருக்கும் சர்வரிடம் பழைய நோட்டுதான் இருக்கிறது. அது உடனே 'தவறு' என்று சொல்லிவிடாது. 'ஒரு நிமிஷம், முதன்மை சர்வரைக் கேட்டுட்டு சொல்றேன்' என்று கேட்டுப் பார்க்கும். அங்கே சரி என்றால் உள்ளே விடும். இரண்டாவது கேட் காவலாளி உங்களைத் திருப்பி அனுப்பும் முன் செயலாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கிற மாதிரி.

ஆனால் அந்த நேரத்தில் முதன்மை சர்வருடன் இணைப்பு இல்லாவிட்டால்? காவலாளியின் போனில் சிக்னல் இல்லை. அவர் நோட்டில் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுப்பார். ஊருக்கு ஊர் 'பாஸ்வேர்டு தவறு' என்று வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சமயத்தில்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, கவனமாகப் படியுங்கள். நகல் போய்ச் சேராத சர்வரில் உங்கள் பழைய பாஸ்வேர்டு இன்னும் செல்லும். உங்கள் பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்துவிட்டது என்பதால்தான் மாற்றினீர்கள் என்றால், மாற்றியதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. கணினிப் பிரிவுக்குத் தகவல் சொல்லி, 'எல்லா சர்வருக்கும் இப்பவே அனுப்பிடுங்க' என்று கேளுங்கள். அவர்களால் அதைச் செய்ய முடியும்.

உள்ளே விடுவதை விட வெளியே நிறுத்துவது அவசரம்

புதியவரை உள்ளே விட மூன்று மணி நேரம் ஆனால் அது சிரமம். விலக்கப்பட்டவரை வெளியே நிறுத்த மூன்று மணி நேரம் ஆனால் அது ஆபத்து.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு பூட்டப்படும் இல்லையா? ஆக்டிவ் டைரக்டரியில் அந்தப் பூட்டுத் தகவல், 15 வினாடி கூடக் காத்திருக்காமல் அவசரத் தகவலாக வளாகத்துக்குள் பரவும். ஆனால் வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை அதிகாரி முடக்கினால், அது அந்த அவசரப் பட்டியலில் இல்லை. சாதாரண மாற்றம் போல அதற்குரிய நேரத்தில்தான் போகும். பலருக்குத் தெரியாத விஷயம் இது.

அதனால் சிறு நிறுவனம், பள்ளி, சங்கம் எதை நடத்துபவராக இருந்தாலும், ஒருவரைப் பணியில் இருந்து விலக்கும்போது கணக்கை முடக்கியதோடு நிற்காதீர்கள். கிளை அலுவலகங்களுக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று அன்றைக்கே உறுதி செய்யச் சொல்லுங்கள்.

மறுபடி விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

'வரலையே, இன்னொரு தடவை போட்டுடலாம்' என்று தோன்றும். வேண்டாம்.

சென்னை சர்வரில் ஒருவர் பெயரில் கணக்கு உருவாக்குகிறார்கள். அது மதுரைக்குப் போய்ச் சேரும் முன், 'இங்க பேரே இல்லையே' என்று மதுரையிலும் அதே பெயரில் ஒரு கணக்கு உருவாக்குகிறார்கள். பிறகு இரண்டு சர்வரும் பேசிக்கொள்ளும்போது மோதல் வருகிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க முடியாது. எனவே டைரக்டரி, பிந்தி உருவான கணக்குக்குப் பெயரை விட்டுவிட்டு, முந்தையதன் பெயரோடு ஒரு நீண்ட குறியீட்டை ஒட்டி ஓரமாக வைத்துவிடும்.

விளைவு? உங்கள் அனுமதிகள் எல்லாம் முதல் கணக்கில் இருக்கும். நீங்கள் லாகின் செய்வது இரண்டாவது கணக்கில் இருக்கும். உள்ளே நுழைவீர்கள், ஆனால் எதுவும் திறக்காது. இரண்டு மணி நேரத்தில் தானாகத் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், ஒருவர் உட்கார்ந்து கைப்பட சரிசெய்யும் வேலையாகிவிடும்.

பாஸ்வேர்டு விஷயத்திலும் இதே மாதிரிதான். பதற்றத்தில் மூன்று முறை மாற்றிவிட்டு, எது கடைசியாக வைத்தது என்று நமக்கே குழம்பிவிடும். போதாக்குறைக்கு நம் போனில் இருக்கும் மின்னஞ்சல் செயலி பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை மாற்றிய உடனே போன், டேப்லெட், வீட்டுக் கணினி என எங்கெல்லாம் அது சேமிக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் புதியதைப் போட்டுவிடுங்கள்.

உங்க மொபைல் நம்பருக்கும் இதே கதைதான்

'நான் அலுவலகம் எதுக்கும் போறதில்லை, எனக்கு இது எதுக்கு?' என்று கேட்கலாம். உங்கள் கையில் இருக்கும் நம்பருக்குப் பின்னாலும் இதே போன்ற ஒரு பதிவேடு இருக்கிறது.

நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியாவில் 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலையில் இருந்து ஒரு மாநிலத்தில் வாங்கிய நம்பரை இன்னொரு மாநில நிறுவனத்துக்கும் கொண்டு போகலாம். எந்த நம்பர் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதற்கு மையப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் அதன் நகலைத் தன்னிடம் வைத்திருக்கும். ஒருவர் உங்களை அழைக்கும்போது, அவருடைய நிறுவனம் தன்னிடம் உள்ள நகலைப் பார்த்துத்தான் அழைப்பை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது.

நம்பர் மாறும் நாளில் சில மணி நேரம் சேவை இருக்காது. அதன் பிறகும் எங்காவது ஒரு நகல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், அந்தப் பக்கத்தில் இருந்து வரும் அழைப்போ குறுஞ்செய்தியோ வழி தவறும். ஒரு நிறுவனத்தின் எண்ணில் இருந்து அழைப்பு வந்து, இன்னொன்றில் இருந்து வராமல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

எனவே இதை நாள் பார்த்துச் செய்யுங்கள். தேர்வு விண்ணப்பம், கட்டணம் கட்டுவது, வங்கிப் பரிமாற்றம் என ஓடிபி தேவைப்படும் வேலை இருக்கும் வாரத்தில் நம்பரை மாற்ற வேண்டாம். போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் உங்கள் நம்பரையும் 1900-க்கு அனுப்பினால் வரும் எட்டு எழுத்துக் குறியீடு நம் பகுதியில் 4 நாட்கள் செல்லுபடியாகும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாறுவதற்கு 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு 5 வேலை நாள் என்பது விதி.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிம் கார்டு தொலைந்து புது சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. இது நகல் தாமதம் இல்லை. உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கி ஓடிபி திருடிவிடக் கூடாது என்பதற்காகத் திட்டமிட்டே வைத்த தடை. அதே காரணத்துக்காக, சிம் மாற்றிய 7 நாளுக்குள் நிறுவனம் மாறும் குறியீடு கிடைக்காது என்ற விதியும் 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது.

போன் தொலைந்துவிட்டால் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கக் கோரலாம். 2023 மே மாதத்தில் இருந்து நாடு முழுவதும் இந்த வசதி உள்ளது. அதற்குக் காவல் துறையில் கொடுத்த புகாரின் நகல் தேவை. அங்கேயும் போன்களின் மையப் பதிவேட்டில் இருந்து எல்லா நிறுவனங்களுக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். அதனால் போனை முடக்கும் கோரிக்கையை மட்டும் நம்பி இருக்காமல், சிம்மை முடக்குவது, வங்கிக்குச் சொல்வது ஆகிய இரண்டையும் உடனே தனித்தனியாகச் செய்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இணையதளம் பக்கத்து வீட்டில் திறக்குது, நம்ம வீட்டில் திறக்கலையா?

ஒரு இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றும்போது இது நடக்கும். தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரி மாறியிருக்கும். ஆனால் உங்கள் இணைய சேவை நிறுவனம் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை அந்தத் தளத்தை நடத்துபவரே வினாடிக் கணக்கில் எழுதி வைத்திருப்பார். 300 என்றால் 5 நிமிடம். 3600 என்றால் ஒரு மணி நேரம். 86400 என்றால் ஒரு முழு நாள்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள் என்றால் ஒன்றில் பழைய முகவரியும் மற்றதில் புதியதும் இருக்கலாம். கடைசி நாளில் விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு யோசனையே உங்களைக் காப்பாற்றும்.

சொந்தமாகக் கடைக்கோ தொழிலுக்கோ இணையதளம் வைத்திருப்பவர்கள், சர்வரை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த வினாடிக் கணக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. பழைய கணக்கை ஏற்கெனவே எல்லோரும் வாங்கிப் போயிருப்பார்கள்.

காத்திருந்தாலும் வராதது எது?

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். தாமதம் என்பது ஒரே பதிவேட்டின் நகல்களுக்கு இடையில் மட்டுமே வரும். பதிவேடே வேறு வேறாக இருந்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் மாற்றம் தானாக வந்து சேராது.

ஆதாரில் முகவரியை மாற்றினால் வாக்காளர் பட்டியலில் முகவரி தானாக மாறிவிடாது. அதற்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும். ரேஷன் அட்டையில் முகவரி மாற்றத்துக்கு உணவுப்பொருள் வழங்கல் துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் முகவரி மாற, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். இவை ஒரே நோட்டின் மூன்று நகல்கள் இல்லை. மூன்று தனி நோட்டுகள்.

எனவே பழைய விவரம் தெரிந்தால் உங்களையே முதலில் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் மாத்தின இடமும் இப்ப பழசு காட்டுற இடமும் ஒரே துறையோட ஒரே சேவையா?' ஆம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இல்லை என்றால் பொறுக்காதீர்கள், தனியாக விண்ணப்பியுங்கள்.

சரி, இப்ப என்ன செய்யணும்?

1. மாற்றம் செய்த தேதி, நேரம், ஒப்புகை எண் மூன்றையும் குறித்து வையுங்கள். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

2. முதலில் உங்கள் போனைச் சந்தேகப்படுங்கள். செயலியில் இருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள். பல நேரம் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டுவது நம் போனாகவே இருக்கும்.

3. ஒரே வளாகம் என்றால் கால் மணி நேரம் பொறுங்கள். வேறு ஊர்க் கிளை என்றால் அரை நாள். இணையதள முகவரி என்றால் ஒரு நாள். இதற்குள் சரியாகிவிட்டால் அது சாதாரணத் தாமதம்தான்.

4. அந்த நேரத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்காதீர்கள், பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

5. அந்த நேரம் தாண்டியும் வரவில்லையா? இனி பொறுமை தேவையில்லை. புகார் கொடுங்கள்.

6. புகாரில் 'வேலை செய்யல' என்று மட்டும் எழுதாதீர்கள். எதை மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள், எங்கே புதுசு தெரிகிறது, எங்கே பழசு தெரிகிறது என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் மிக முக்கியம். எந்த சர்வர் பின்தங்கியிருக்கிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

7. கடைசித் தேதி உள்ள வேலை என்றால் பாஸ்வேர்டு, மொபைல் நம்பர், முகவரி மாற்றங்களை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

மாநில அரசுத் துறைகளின் சேவை குறித்த புகார்களுக்கு முதலமைச்சரின் உதவி மையம் 1100. ஆதார் தொடர்பான சந்தேகங்களுக்கு 1947. பேசும்போது ஒப்புகை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவை கவுண்ட்டரிலும் கணினிப் பிரிவிலும் இருப்பவர்களுக்கு

உங்கள் முன்னால் நிற்பவரிடம் 'சர்வர் பிரச்சனை, நாளைக்கு வாங்க' என்று சொல்வதற்குப் பதில், 'பதிவாகிடுச்சு, இங்க வந்து சேர மதியம் ஆகும்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் பேருந்துக் கட்டணம் கொடுத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கலாம். எப்போது வந்தால் வேலை முடியும் என்பதுதான் அவருக்குத் தேவையான தகவல்.

கணினிப் பிரிவினர் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். ஊர்களுக்கு இடையே 180 நிமிடம் என்ற பழைய அமைப்பு அப்படியே இருக்கிறதா? இன்றைய இணைப்பு வேகத்துக்கு அதைக் குறைக்கலாம். நகல் போவது எங்காவது நின்றுவிட்டதா? ஆக்டிவ் டைரக்டரியில் 'ரெப்அட்மின்' கருவியின் சுருக்க அறிக்கை, எந்த சர்வர் கடைசியாக எப்போது பேசியது, எத்தனை முறை தோற்றது என்பதைக் காட்டிவிடும். வாரம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த சர்வர். நீக்கப்பட்ட கணக்குகளின் தடயத்தை ஆக்டிவ் டைரக்டரி பொதுவாக 180 நாட்கள் வைத்திருக்கும். பழைய அமைப்புகளில் இது 60 நாள். அதற்கு மேல் அணைந்து கிடந்த சர்வரை அப்படியே மறுபடி இணைத்தால், 'இவரை நீக்கியாச்சு' என்ற தகவல் அதற்குப் போய்ச் சேரவே சேராது. எப்போதோ விலகியவரின் கணக்கு அந்த சர்வரில் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட சர்வரை இணைக்காமல் புதிதாக அமைப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்த முறை திரையில் பழைய விவரம் தெரிந்தால் மணியைப் பாருங்கள், ஒப்புகை எண்ணை எடுத்து வையுங்கள், இது ஒரே பதிவேடா வேறு பதிவேடா என்று யோசியுங்கள். பொறுக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் எது என்பதும் தெரிந்துவிடும்.